தீவு ரகசியம் காத்த அர்த்தனாரி

ரகசியக் காவலர் என்றொரு இனம் உண்டு. இவரிடம் யாரும் எந்த ரகசியத்தையும் ஒப்படைத்ததில்லை. அதற்காக இவர் காப்பதை நிறுத்தியதுமில்லை.

எங்கள் கொல்லிமலைக்கு வாய்த்தவர் பெயின்டர் அர்த்தனாரி. கடற்படைக்குச் சொந்தமான ஒரு தீவில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அனுமதியில்லாமல் அங்கே ஈ கூட இறங்க முடியாது என்பது உண்மைதான். போர்க்காலத்துப் பீரங்கிகள் நிற்பதும் உண்மைதான். ஞாயிறானால் அனுமதி வாங்கிக்கொண்டு படகு படகாக வரும் குடும்பங்கள் அந்தப் பீரங்கிகளின் மேல் பிள்ளைகளை உட்காரவைத்துப் படமெடுத்து, கடலில் குளித்து, மிளகாய் பஜ்ஜி தின்று, அரைக்கிலோ மணலோடு வீடு திரும்புகின்றன என்பதும், அவர்கள் உடைமாற்றும் அறைக்குத்தான் நம்மவர் பெயின்ட் அடித்தார் என்பதும் அதைவிட உண்மை. சொல்வாரா?

"தீவுல என்னங்க வேலை?"

"சொல்லக் கூடாதுங்க."

"சாப்பாடெல்லாம் எப்படி?"

இடமும் வலமும் பார்ப்பார். "அதுவுந்தானுங்க."

பாவம், அவருடைய அம்மா சென்னம்மாள். தலை நரைக்கத் தொடங்கிய மகனுக்குப் பெண் தேடித் தேடி அலுத்தவர். கடைசியில் முள்ளுக்குறிச்சி மேகலா வீட்டில் தலையசைத்தார்கள். அர்த்தனாரிக்கும் மேகலாவை அவ்வளவு பிடித்துப்போயிற்று. பாக்கி ஒன்றுதான்: பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது.

வந்தார் மேகலாவின் தாய்மாமன் அருணாசலம். பெண் பார்த்த அன்று வெளியூரில் இருந்ததால் மாப்பிள்ளை முகம் தெரியாது. மலைமேல் சோளக்காடு ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் மாப்பிள்ளையேதான்.

"ஏனுங்க, தீவுல வேலை பார்த்த அர்த்தனாரின்னு ஒருத்தர்..."

அர்த்தனாரிக்கு உடம்பு சிலிர்த்தது. வேற்று ஆள்! தீவைப் பற்றிக் கேட்கிறான்! ஒற்றனேதான்!

"அப்படி ஒரு ஆளே இந்த மலையில இல்லீங்க."

"ஊடு இங்கதான்னு சொன்னாங்களே?"

"ஊடும் இல்லீங்க."

அருணாசலம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் கீழே போய்விட்டார். தை மாதம் மேகலாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம்.

நடந்தது அரைகுறையாகக் காதுக்கு வந்ததும் சென்னம்மாள் மகனிடம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "வந்த மனுசன்கிட்ட அப்படிச் சொன்ன பாவி யாரு சாமி? உனக்குத் தெரியுமா?"

அர்த்தனாரி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதன்முறையாக, வெளியே சொல்ல முடியாத ஒன்று அவரிடம் நிஜமாகவே இருந்தது.

சிரிக்கிறீர்களே, "ஆபீசில் உங்களுக்கு என்னதான் வேலை?" என்று கேட்ட மைத்துனரிடம், "சொன்னால் உங்களுக்குப் புரியாது" என்றது யார்? அன்று முழுக்க அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள்? பரவாயில்லை, சொல்ல வேண்டாம்.