முஸ்டர் அண்ணையின் கட்டிலில் படுத்திருந்த பெட்டி

உலகத்தில் எல்லாரும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். பின்பக்கத்தைப் பார்த்துப் பரவசப்பட்ட ஒரே மனிதர் எங்கள் முஸ்டர் அண்ணை. மறுப்பவர்கள் தாராளமாக வந்து வாதாடலாம்.

எண்பதுகளின் நடுவில் டுசல்டோர்ஃப் அகதி விடுதியில் ஓர் அறைக்கு ஆறு பேர் இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. ஜேர்மன்காரர் பழைய பெரிய சாமான்களை வீதியோரம் கொண்டுவந்து வைக்கிற 'ஸ்பெர்முல்' நாள்தான் எங்களுக்குத் திருவிழா. நாங்கள் நல்ல கம்பனிப் பெயர் போட்ட சாமான் தேடி ஓடுவோம். அண்ணை பெயரே இல்லாததைத் தேடுவார். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, பின்னால் பெயர் இருந்தால் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்.

"பேர் ஒட்டினது கடைச் சாமான், ஆயிரம் கிடக்கும். பேர் ஒட்ட முன்னம் கையாலை ஒண்டு செய்து பாப்பாங்கள் எல்லோ, அதுதான் முஸ்டர்!"

முஸ்டர் என்றால் ஜேர்மன் மொழியில் மாதிரிப் பொருள். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவருக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்ததென்று யாருக்கும் தெரியாது. அதில் பெரிய விண்ணர் என்றும் சொல்ல முடியாது. முஸ்டர் என்று தூக்கிவந்த ரேடியோ, யாரோ பெயரைச் சுரண்டிவிட்ட சாதாரண ரேடியோ. இன்னொன்று ரேடியோவே இல்லை, பாண் வாட்டுகிற டோஸ்டர். அகதி விசாரணைக்கு டெர்மின், அதாவது தவணை கிடைத்துப் போன இடத்தில், ஏன் நாட்டைவிட்டு வந்தாய் என்று அதிகாரி கேட்க, இவர் மேசையிலிருந்த கல்குலேட்டரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மொழிபெயர்ப்பாளருக்கு வியர்த்துவிட்டது.

ஆனால் ஒரு நாள் உண்மையாகவே ஒன்றைக் கொண்டுவந்தார். தொலைக்காட்சியும் வீடியோவும் ஒரே பெட்டிக்குள். அந்தக் காலத்தில் எந்தக் கடைக் கண்ணாடியிலும் நாங்கள் அப்படியொன்றைக் கண்டதில்லை. மரப்பலகை உடம்பில் வாள் அறுத்த தடம் தெரிந்தது. ஒரு சுவிச்சுக்குப் பக்கத்தில் ஜேர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா என்று பென்சிலால் எழுதியிருந்தது. பின்பக்கத்தில் கம்பனிப் பெயர் இல்லை. 'முஸ்டர்' என்று கையால் எழுதி ஒட்டிய ஒரு துண்டு மட்டும். எங்கள் சிரிப்பு நின்றுபோனது. எங்கேயோ ஒரு மனிதன் தன் கையால் முதன்முதல் செய்து பார்த்த பொருள் எங்கள் அறையில் இருக்கிறது. தொடவே பயமாக இருந்தது.

அன்றிலிருந்து பெட்டி கட்டிலில், அண்ணை தரையில். போர்வையால் கழுத்துவரை மூடிவிடுவார். ஒருநாள் ஆள் எண்ண வந்த விடுதிக் காவலாளி, "இது யார்?" என்று கட்டிலைக் காட்டினார்.

"கொலேகே," என்றார் அண்ணை, தன் கூட்டாளி என்று. பிறகு தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, "காய்ச்சல்."

காவலாளி நுனிக்காலில் நடந்து வெளியே போனார்.

ஆஹன் நகரத்தில் இஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த மதுரைத் தம்பி ஒருவர் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"சார், இது ப்ரோட்டோடைப்! உலகத்துலேயே ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். நான் மியூசியத்துல பேசுறேன். கண்ணாடிக்குள்ள வெச்சு, கண்டெடுத்தவர்னு உங்க பேரைப் போடுவாங்க. திங்கட்கிழமை ஆளோட வர்றேன். தயவுசெஞ்சு ஆன் மட்டும் பண்ணிடாதீங்க. உள்ள எல்லாம் பழசு, புகைஞ்சிடும்."

அந்த நாட்டில் அண்ணையின் பெயர் அதுவரை அகதிக் கோப்பில் மட்டும்தான் இருந்தது, அதுவும் பிழையாக. அவர் திங்கட்கிழமைக்கென்று சேர்ட்டைத் தோய்த்து மடித்து வைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து அறை பரமேஸ் அக்காவுக்கு ஒரு வீடியோ கசெற் வந்தது. மகளை ஊரில் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்தவர். பிள்ளை பெரிய பிள்ளையாகி, தாய் இல்லாமலே சாமத்திய வீடு நடந்து, கனடாவிலிருந்து போன மாமன் அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். விடுதியின் வீடியோவில் போட்டோம். கோடு கோடாக ஏதோ உருண்டது. கனடாக் கமெராவில் எடுத்தது ஜேர்மன் வீடியோவில் சரியாக ஓடாது என்று அப்போதுதான் அறிந்தோம்.

அக்கா கசெற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்து உறைக்குள் போட்டார். திரும்ப எடுத்துத் துடைத்தார்.

அண்ணை அவரை எங்கள் அறைக்குக் கூட்டிவந்து, கட்டிலில் கிடந்த பெட்டியைக் காட்டினார்.

"கனடாவும் அமெரிக்காவும் பக்கத்துப் பக்கத்து வீடுதானே," என்றார். "பிளக்கைக் குத்துங்கோ."

"அண்ணை, திங்கட்கிழமை மியூசியம்!"

"குத்து எண்டு சொன்னனான்."

போர்வையை விலக்கினார். கசெற்றை உள்ளே தள்ளி, சுவிச்சை அமெரிக்காவுக்குத் திருப்பினார். திரை இருண்டே கிடந்தது. பிறகு சிவப்புச் சேலையில், நகைப் பாரம் தாங்காமல் கழுத்தைச் சரித்தபடி ஒரு பெண் வந்தாள்.

"வளந்திட்டாள்... என்னளவு வளந்திட்டாள்," என்று அக்கா திரையைத் தடவினார்.

ஆலத்தி எடுத்தார்கள். பிள்ளை நேரே எங்களைப் பார்த்துச் சிரித்தது. வாழ்நாளில் முதல்தடவையாக அண்ணை ஒரு பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்தில் புகை வந்ததை நாங்கள்தான் கண்டோம். படக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கரண்டியால் நெம்பிக் கசெற்றைப் பழுதில்லாமல் எடுத்து அக்காவிடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை மியூசியத்து ஆள் கருகிய உட்புறத்தைப் பார்த்து, இனிப் பயனில்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார். மதுரைத் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு சார்!"

"பிள்ளை சாமத்தியப்படுறதும் ஒருக்கால்தானே தம்பி," என்றார் அண்ணை.

அன்று படுக்கிற நேரம் பார்த்தால், மனிதர் வழக்கம்போலத் தரையில் பாய் விரிக்கிறார்.

"அண்ணை, இனி என்னத்துக்கு? கட்டிலிலை படுங்கோவன்."

"களைச்சுப் போய்க் கிடக்கு. படுக்கட்டும்."

எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. வெட்கமாக இருந்ததால், எழுந்துபோய் என் போர்வையையும் அந்தப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு வந்து படுத்தேன்.