மலைப்பாம்பாருக்குக் கிடைத்த பின்னூட்டம்

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டுக்கு எதற்கய்யா பல்கலைக்கழகம் என்று கேட்கிறவன் விவரமில்லாதவன். பதிவாளர் என்று ஒரு நாற்காலி இருந்தால், அதைப் போட்டுவைக்க ஒரு கட்டடம் வேண்டாமா? அந்த நாற்காலியில் நரி உட்கார்ந்திருந்தது.

அங்கே பாம்புத் தற்காப்புத் துறையில் பாடம் நடத்தியது காத்தாயி என்ற கீரி. எலி, அணில், காடைக்குஞ்சு என்று யார் வந்து உட்கார்ந்தாலும் பாம்பு எப்படிச் சீறும், எந்தப் பக்கம் தாவ வேண்டும், பிடரியில் எங்கே கடிக்க வேண்டும் என்று மண்ணில் உருண்டு புரண்டு காட்டிக்கொடுக்கும். அதனிடம் படித்தவை பிழைத்துக் கிடந்தன. ஆனால் காத்தாயி வெறும் கௌரவ விரிவுரையாளர். சம்பளம் கொடுக்க மனசு வராதவன் கண்டுபிடித்த சொல்தான் இந்தக் கௌரவம். கோடை விடுமுறை வந்தால் அந்தக் கௌரவமும் கிடையாது.

அந்தத் துறையில் நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியானது. காத்தாயி பதிவாளர் அறைக்கு ஓடியது.

"எல்லாம் சரிம்மா. மேம்பாட்டுப் பயிற்சி முடிச்சிருக்கியா?" என்றது நரி.

"எதுல சார் மேம்படணும்? பாம்பைக் கடிக்கறதுலயா?"

"கடிக்கறது யாருக்கு வேணும்? கடிக்கறதைக் கற்பிக்கறதுல."

"அதைத்தானே சார் இத்தனை வருஷமா பண்றேன். என்கிட்ட படிச்ச எலியெல்லாம் உசுரோட திரியுது. கூப்பிட்டுக் கேளுங்க."

"உசுரோட இருக்கறதுக்கெல்லாம் மதிப்பெண் கிடையாதும்மா. சான்றிதழ் கொண்டா."

சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட ஒன்றை அமுக்கிப் பார்ப்பான், காம்பைக் கிள்ளிப் பார்ப்பான். இதுகள் கூடையில் ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டுச் சொத்தையை வாங்கிப் போகிற கூட்டம். இவற்றிடம் என்ன பேரம் பேச முடியும்? காத்தாயி வாயை மூடிக்கொண்டு பயிற்சிக்குப் பெயர் கொடுத்தது.

பயிற்சி நடத்த மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வல்லுநரை வரவழைத்தார்கள். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் எவனும் வல்லுநர் ஆக முடியாது என்பது கல்வி உலகச் சட்டம். வந்தவர் முனைவர் சுருளிநாதன். மலைப்பாம்பு.

அவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. நரி போனில் கெஞ்சியபோது, "அலைச்சல் அதிகம். எனக்கென்ன கிடைக்கும்?" என்றுதான் கேட்டார். "சால்வை உண்டு ஐயா, நிறைவில் பின்னூட்டம் உண்டு" என்றது நரி. பயிற்சி எப்படி இருந்தது என்று வந்தவர்கள் சொல்கிற கருத்துக்குப் பல்கலைக்கழகத்தில் பின்னூட்டம் என்று பெயர். பாம்புக்கு அந்தப் பழக்கமெல்லாம் ஏது? அவர் சொல்லைப் பிரித்துப் பொருள் கொண்டார். பின், ஊட்டம். பின்னால் சாப்பாடு. "அப்படின்னா வர்றேன்" என்று போனை வைத்தார்.

ஆலமரத்தடியில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். தோளே இல்லாத உடம்பில் சால்வையை எங்கே போடுவது என்று தெரியாமல் கழுத்தென்று பட்ட இடத்தில் எல்லாம் சுற்றினார்கள். பார்ப்பதற்குச் சுருட்டிக் கட்டிய பயணப் படுக்கை மாதிரி இருந்தார்.

காத்தாயி பக்கத்தில் வெள்ளைச்சாமி என்ற முயல் உட்கார்ந்திருந்தது. ஆய்வு மாணவன். நெறியாளர் எடுக்க வேண்டிய வளை தோண்டும் வகுப்பையெல்லாம் அதுதான் எடுத்துக்கொண்டிருந்தது. சின்னதில் காத்தாயியிடம் படித்த பிள்ளை.

"அக்கா, இது பாம்புல்ல?" என்றது மெதுவாக.

"சும்மா இருடா. ரிசோர்ஸ் பர்சன்."

"எனக்கென்னமோ எழுந்து ஓடிரலாம்னு தோணுது."

"எல்லாப் பயிற்சிலயும் அப்படித்தான் இருக்கும். உட்காரு."

சுருளிநாதன் மைக்கைப் பிடித்தார். "நவீனக் கல்வியில் மாணவரை மையத்தில் வைக்க வேண்டும். நாம் சுற்றிலும் இருக்க வேண்டும். மெல்ல மெல்ல நெருங்க வேண்டும். மாணவர் மூச்சு விடும்போதெல்லாம் நாம் இன்னும் கொஞ்சம் நெருங்க வேண்டும்."

பேராசிரியர்கள் கைதட்டினார்கள். பன்றி குறிப்பெடுத்தது.

"மென்றுகொண்டிருப்பது பழைய முறை. எதையும் முழுசாக உள்வாங்க வேண்டும்."

மறுபடி கைதட்டல். இப்படியே பொழுது போயிற்று. சார்ட் பேப்பரில் பூப் படம் வரைந்து அதன் இதழ்களில் 'ஈடுபாடு', 'புதுமை' என்று எழுதச் சொன்னார்கள். மண்டையில் நரை விழுந்த யானையும் ஸ்கெட்ச் பேனாவுக்குச் சண்டை போட்டது. வெட்கங்கெட்ட பிழைப்பு. தேநீர் வேளையில் வடை வந்தது. சுருளிநாதன் தொடவில்லை. "நான் கடைசியில பார்த்துக்கறேன்" என்றார்.

சாயங்காலம் நரி எழுந்தது. "நிறைவாகப் பின்னூட்டம். யாராவது ஒருத்தர் முன்வரலாம்."

எல்லாரும் குனிந்துகொண்டார்கள். வெள்ளைச்சாமிதான் எழுந்தது. இளரத்தம். "நான் சொல்றேன் சார். காலையிலருந்து உட்கார்ந்ததுல முதுகு வலிச்சதுதான் மிச்சம். ஒண்ணும் விளங்கல."

"அருமை! பக்கத்துல வாப்பா" என்றார் சுருளிநாதன். வந்த முயலை வளைத்துச் சுற்றினார்.

நரி பதறியது. "ஐயா, பின்னூட்டம்னா வந்து..."

பாம்பு தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தது.

"...நீங்க சொல்ற அர்த்தந்தான் ஐயா" என்று நரி உட்கார்ந்துவிட்டது. வல்லுநர் தப்பு என்று சொல்கிற வழக்கம் அந்தப் பல்கலைக்கழகத்தில் இல்லை.

"அக்கா!" என்று கத்தியது முயல்.

காத்தாயிக்கு உடம்பு மயிரெல்லாம் சிலிர்த்தது. பல் வெளியே வந்தது. ஒரே தாவலில் பாம்பின் பிடரிக்கு நேரே போய் நின்றது.

"காத்தாயி!" என்றது நரி. "சான்றிதழ்ல ஐயா இன்னும் கையெழுத்துப் போடல."

கீரி அப்படியே நின்றது. கையே இல்லாத பிராணியின் கையெழுத்துக்கு அத்தனை மவுசு! ஆனாலும் காத்தாயிக்கு மூளை இருந்தது. அது பாம்பைப் பார்த்துக் கும்பிட்டது.

"ஐயா, சாப்பிட்டா உங்களுக்குத் தூக்கம் வந்துரும். கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா சாப்பிடுங்களேன்."

பேனா பிடிக்க வால் வேண்டும். வால் வேண்டுமென்றால் பிடியைத் தளர்த்த வேண்டும். பாம்பு தளர்த்தியது. காத்தாயியின் சான்றிதழில் கையெழுத்து விழுந்தது. அதைப் பார்த்ததும் மற்றவர்களும் தங்கள் சான்றிதழை நீட்டிக்கொண்டு வரிசை கட்டினார்கள். முயல் கீழே விழுந்து மூச்சு வாங்கியது.

"ஓடுடா!" என்றது காத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு.

முயல் எழுந்தது. மண்ணைத் தட்டிவிட்டது. போய் வரிசையில் கடைசி ஆளாக நின்றது.

"டேய், உனக்குக் கிறுக்கா? ஓடுடா!"

"இருங்கக்கா, என்னோடது இன்னும் வரல. இது இல்லாம ஆய்வேட்டை வாங்க மாட்டாங்களாம்."

வரிசை நகர்ந்தது. வெள்ளைச்சாமியின் முறை வந்தது. சுருளிநாதன் கையெழுத்துப் போட்டார், "வாழ்த்துகள்" என்றார், விழுங்கினார். சான்றிதழோடு.

காத்தாயி பாயப் பதுங்கியது. இனி அதற்கென்ன பயம்? கையெழுத்துத்தான் வந்துவிட்டதே. நரி அதன் காதோரம் வந்து சொன்னது: "கடிக்கறதுன்னா கடி. பணி ஆணை கொடுக்கறதுக்கு முன்னாடி சான்றிதழ் உண்மையான்னு கேட்டு அவருக்குத்தான் போன் போடுவோம். செத்தவர் எடுப்பாரா?"

பாம்பின் வயிற்றில் ஒரு மேடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. காத்தாயி அதைப் பார்த்தது. பிறகு சான்றிதழைப் பார்த்தது. மேடு அசைவது நின்றதும் சான்றிதழைக் கசங்காமல் மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தது.

'பங்கேற்றவர்களில் ஒருவர் முழுமையாக உள்வாங்கப்பட்டார்' என்று நரி அறிக்கை எழுதியது. துணைவேந்தர் பாராட்டினார். காத்தாயிக்குப் பணி நிரந்தரமானது.

நிரந்தரமான பிறகு நடந்த முதல் வகுப்பில் ஒரு அணில் பிள்ளை எழுந்து, "மேடம், பாம்பு வந்தா எங்க கடிக்கணும்?" என்று கேட்டது.

காத்தாயி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது:

"அவசரப்படாத. அவர் எந்தத் துறைன்னு முதல்ல கேளு."

நீதி: பாம்பென்றால் படையும் நடுங்கும், பாம்பு கையெழுத்துப் போடுமென்றால் கீரியும் வரிசையில் நிற்கும்.