மாவுக்கடியில் ஒரு கார் பந்தயம்

நுவரெலியாப் பக்கம் பிறந்தவனுக்கு எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: இது சூடாக இருக்குமா? தேத்தண்ணி, கம்பளி, பஸ்ஸில் எஞ்சினுக்குப் பக்கத்து சீட்டு எல்லாவற்றையும் நாங்கள் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம். நான் டெப், அதாவது டேப்லெட், வாங்கியதும் அப்படித்தான். அதனால் என் தங்கச்சியின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எனக்குப் பழைய டிவி கேம் என்றால் பைத்தியம். கேசட்டை ஊதி ஊதிச் சொருகி விளையாடியவைதான் எனக்கு இன்றைக்கும் கேம். இப்போது எமுலேட்டர் என்று ஒன்று வந்திருக்கிறது. அதை டெப்பில் போட்டுவிட்டால் அந்தப் பழைய பெட்டியின் வேலையை டெப்பே செய்துவிடும். (கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். வீட்டில் கேட்டுவிட்டார்கள்.)

அந்த நேரத்தில்தான் தங்கச்சி மலருக்கு நோர்வூட்டில் ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளை ரமேஷுக்குக் கட்டாரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர் அங்கிருந்து வீடியோவில் வந்து மலரோடு முதல் தடவையாகப் பேசுவார். இருவருக்கும் பிடித்தால் அன்றைக்கே தேதி குறித்துவிடலாம். இதைக் கேட்டதும் என் மூளை சுறுசுறுப்பானது.

"அப்பா, பெரியவங்க எல்லாம் சின்ன போன எட்டி எட்டிப் பாத்தா நல்லாவா இருக்கும்? ஒரு டெப் இருந்தா மரியாதையா இருக்கும்ல?"

அப்பா தலையாட்டிவிட்டார். மலர்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அண்ணே, நான் பேசுறதுக்குத்தான் டெப். ஞாபகம் இருக்கட்டும்."

ஹட்டன் கடைக்குள் நுழைந்ததும் அது சுத்தமாக மறந்துபோனது. கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரை சதுரமா அகலமா (பழைய கேமெல்லாம் பழைய டிவி அளவுக்குச் செய்தவை, அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும்), ப்ரொசெஸர் வேகமா, கேம் கைப்பிடியை இணைக்கலாமா என்று கடைக்காரரைக் குடைந்தெடுத்தேன். கடைசியில் இரண்டு டெப் மிஞ்சின. கடைக்காரர் நேர்மையானவர்.

"சேர், இது வேணாம். கேம் விளையாடுனா பின்பக்கம் கொதிக்குது. திருப்பிக் கொண்டாந்து தாறாங்க."

"எவ்வளவு சூடாகும்?"

"கையில வச்சிருக்க ஏலாது சேர்."

மார்கழிக் குளிரில் விறைத்துப்போன என் விரல்கள் எனக்காக முடிவெடுத்தன. சூட்டுக்குப் பயப்படுவதெல்லாம் கொழும்புக்காரர்கள் பாடு. எனக்கு விளையாடினது மாதிரியும் ஆச்சு, கை காய்ந்தது மாதிரியும் ஆச்சு.

"அதையே குடுங்க. நல்லா சூடாகும்ல?" என்றேன். கடைக்காரர் பில் போடுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

சனிக்கிழமை பின்னேரம் அம்மா சமையலறையில் புலம்பிக்கொண்டிருந்தார். விறகு அடுப்பு இருந்தவரை அதன் ஓரத்தில் வைத்தால் தோசை மாவு பொங்கிவிடும். கேஸ் வந்த பிறகு எங்கள் ஊர்க் குளிரில் மாவு அசைவதே இல்லை.

"மாப்ள வீட்டுக்காரங்களுக்கு வரட்டி மாதிரியா தோசை சுட்டுக் குடுக்குறது?" என்றபடி, நான் கார் பந்தயம் விளையாடிக்கொண்டிருந்த டெப்பை ஒதுக்கி வைக்கத் தொட்டவர் வெடுக்கென்று கையை எடுத்தார். பிறகு மெதுவாக மறுபடியும் தொட்டார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் டெப்பை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"அம்மா, இது டெப்!"

"இருக்கட்டும். சூடா இருக்குல்ல?"

நான் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்தப் பழைய கேம்களில் ஒரு வசதி உண்டு. யாரும் எதையும் அமுக்காவிட்டால் கார்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓடவிட்டு, சார்ஜரைச் சொருகி, டெப்பைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் மாவுக் குண்டானை ஏற்றிக் கம்பளியால் மூடினோம்.

காலையில் கம்பளியை விலக்கினால் மாவு பொங்கி, வழிந்து, டெப்பையே காணவில்லை. அடியிலிருந்து கார்ச் சத்தம் மட்டும் கொழகொழவென்று வந்துகொண்டிருந்தது.

"பொங்கிருச்சுடா!" என்று அம்மா பூரித்துப்போனார். டெப்பை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

துடைத்தேன், ஊதினேன், குச்சியால் நோண்டினேன். மலர் இரண்டு தடவை கேட்டாள், "டெப் சரிதானே அண்ணே?" இரண்டு தடவையும் "சூப்பர்" என்றேன். தோசையைச் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் சுற்றி உட்கார்ந்தார்கள். மலர் புடவையில் நடுவே இருந்தாள். ரமேஷ் திரையில் வந்தார். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். அவர் குரல் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது.

"ஒண்ணும் தெரியலியே. வீட்டுக்குள்ளயே பனி இறங்கிருச்சா?"

"ஆமா மாப்ள, இன்னைக்குப் பயங்கரப் பனி!" என்று கத்தினேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியது. பெண்ணைப் பற்றி எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல. மலரின் கண் கலங்கியதைப் பார்த்தபோது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அவள்தான் வாயைத் திறந்தாள். மாப்பிள்ளையிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"பனி இல்லீங்க. மாவு."

பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கேம், சூடு, குண்டான், கம்பளி, அண்ணன் என்கிற முட்டாள். டெப் வழக்கம்போலச் சூடேற, உள்ளே போன மாவு வேகத் தொடங்கி, கூடத்தில் தோசை வாசம் பரவியது.

திரைக்குள் ரமேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மா, தோச எப்படி இருந்துச்சு?"

"பஞ்சு மாதிரி இருந்துச்சுப்பா," என்றார் அவர் அம்மா, சிரிப்பை அடக்க முடியாமல்.

"அப்ப தேதியப் பாருங்க. நான் சரியாப் பாத்து முடிக்கல, மலர் போனுக்கு எடுக்குறேன்" என்றார் ரமேஷ். டெப் அத்தோடு கண்ணை மூடியது. மலர் தன் சின்னப் போனோடு கொல்லைப்பக்கம் போனவள், பெரியவர்கள் பஞ்சாங்கத்தை மூடிய பிறகுதான் திரும்பி வந்தாள்.

டெப் பிழைத்துக்கொண்டது. கேமராவில் பனி மட்டும் விலகவில்லை. அது இப்போது சமையலறையில் இருக்கிறது. விளையாட நான் அம்மாவிடம் அனுமதி கேட்க வேண்டும். நோர்வூட்டிலிருந்து மலர் அடிக்கடி போன் பண்ணுவாள், "அண்ணே, எந்த கேம் போட்டா சீக்கிரம் பொங்கும்?" கட்டாரை விட்டு வந்துவிட்ட ரமேஷ் பின்னால் சிரிப்பது கேட்கும்.

போன மாதம் அவளுக்கும் ஒரு டெப் வாங்கித் தரலாம் என்று அம்மாவும் நானும் அதே ஹட்டன் கடைக்குப் போனோம். கடைக்காரர் கேமரா, மெமரி, பேட்டரி என்று விளக்கிக்கொண்டே போனார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு டெப்பின் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

"தம்பி, இது நல்லா சூடாகுமா?"

கடைக்காரர் அம்மாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"சேரோட அம்மாவா?" என்றார்.