சாயல் கொஞ்சம் இருந்தால் போதும்

திருத்தக்காரர் என்றொரு ரகம் உண்டு, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அச்சாபீசில் பிழை திருத்துகிறவரைச் சொல்லவில்லை. ஓவியரிடம் தன் படத்தை எழுதக் கொடுத்துவிட்டு, அது முடியும் வரைக்கும் நடையாய் நடந்து, மூக்கைக் குறைக்கச் சொல்லி, முடியைக் கூட்டச் சொல்லி, கடைசியில் தன் முகத்தைத் தானே படத்தை விட்டு விரட்டியடிக்கிறாரே, அவரைச் சொல்கிறேன். இவரை அடையாளம் காண்பது சுலபம். "எல்லாம் பிரமாதம்" என்று ஆரம்பிப்பார். ஒருவர் அப்படி ஆரம்பித்தால் ஓவியர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு டீக்குச் சொல்வது நல்லது.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்த சகாதேவன் இந்த ரகத்தில் முதல் தரம். எழுபத்தெட்டாம் வருஷம் மகளுக்கு வரன் பார்க்கச் செங்கம் போனார். பையன் தங்கமான பையன்; போட்டோவைப் பார்த்ததிலிருந்து மகளுக்கும் சம்மதம். பையனின் அப்பா இராமலிங்கம் அரிசி மில் வைத்திருப்பவர். அந்த வீட்டுக் கூடத்தில் அவருடைய கொள்ளுத் தாத்தா, தாத்தா, அப்பா என்று ஆளுயரப் படங்கள், எல்லாரும் தலைப்பாகையும் தடியுமாகச் சுவரிலிருந்து அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். சகாதேவன் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். நம் வீட்டுச் சுவரில் என்ன இருக்கிறது? உரக்கடைக் காலண்டர். அடுத்த மாதம் இராமலிங்கம் வீடு பார்க்க வந்தால், இது என்ன வெறும் சுவர், வெறும் குடும்பம் என்று நினைத்துவிட மாட்டாரா? இந்தச் சம்பந்தம் கைநழுவிப் போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாளே திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினார். தேரடித் தெருவில் ஜானி பாஷாவின் கடை. லாட்ஜ் போர்டு, சினிமா தட்டி, தேர்தல் வந்தால் சுவர் என்று எது கிடைத்தாலும் எழுதுவார். ஆனால் ஆள் படம் என்றால் அவருக்கு உயிர். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் வந்து உட்கார்ந்து, ஒட்டிய கன்னத்தை ஒட்டிய கன்னமாகவே எழுத வைத்துச் சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். அவர்களுக்கென்ன, பெண்ணை வைத்துக்கொண்டு சம்பந்திக்குப் பயப்படுகிறவர்களா?

சகாதேவன் கொடுத்த பாஸ்போர்ட் போட்டோவில் கட்டம் போட்டு, பெரிதாக்கி, பாஷா முதல் படத்தை எழுதிக் காட்டினார். மீசையில்லாத, ஒல்லியான, வழுக்கை விழுந்த சகாதேவன் அச்சு அசலாக அதில் இருந்தார். நிஜ சகாதேவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"எல்லாம் பிரமாதம் பாய். ஆனா இது இன்னா, நடு மண்டையில மைதானமா இருக்குது?"

"போட்டோவுல அப்படித்தானே மொதலாளி இருக்குது."

"போட்டோவுல வெளிச்சம் ஜாஸ்தி."

நியாயம்தானே? வெளிச்சம் அதிகமானால் முடி உதிரத்தான் செய்யும். பாஷா முடி வைத்தார். அடுத்த முறை வந்தவர், முடி இருக்கிறது, கௌரவம் இல்லை என்றார். தலைப்பாகை வந்தது, பாடுபட்டு வைத்த முடி அதற்குள் மறைந்தது. தலைப்பாகை வந்தபின் மீசையில்லாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? மீசை வந்தது. மீசை கறுப்பாக இருந்தால் கூத்தாடி மாதிரி இருக்கிறது என்று அதற்கு நரை வந்தது. நிறம் கம்மி என்று முகம் சிவந்தது, கன்னம் உப்பியது, தோள் அகன்றது, அரைக்கைச் சட்டை போய்க் கோட்டு வந்தது, கோட்டுக்குச் சங்கிலிக் கடிகாரமும் கைக்கு வெள்ளிப்பூண் தடியும் பின்னால் மலையும் வந்தன. மலையுச்சியில் தீபம் எரியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர், மறு பஸ்ஸிலேயே திரும்பி வந்து, தீபம் வேண்டாம், என் முகத்தை அது மங்கடிக்கும் என்றார். அண்ணாமலையாருக்கே அந்தக் கதி.

"மொதலாளி, சாயல் போவுதுங்க," என்றார் பாஷா மெல்ல.

"சாயல் கொஞ்சம் இருந்தா போதும் பாய். யாரு ஒரசிப் பாக்கப் போறா?"

அன்றைக்கு பாஷா வீட்டுக்குப் போய் மனைவி மெஹ்ருன்னிசாவிடம், "ஒரே துணியில நாலு ஆள எழுதிட்டேன், அவரு மட்டும் இன்னும் வரல," என்று சொல்லிச் சிரித்தார்.

படம் கீழ்பென்னாத்தூர் வந்து சேர்ந்தது. சகாதேவனின் மனைவி ரேணுகாம்பாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"யாருங்க இவரு?"

"நான்தான்."

அவள் படத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "மாட்டுங்க. செவுத்து விரிசலாவது மறையும்," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இராமலிங்கம் உறவுக்காரர்களோடு வந்தார். சகாதேவன் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். இராமலிங்கம் படத்தைப் பார்த்ததும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார்.

"உங்கப்பாங்களா? இன்னா தேஜஸ். காது மட்டும் அப்படியே உங்களுக்கு வந்திருக்குது."

நம் பக்கத்தில் கூடத்துச் சுவரில் இவ்வளவு பெரிய படமாக ஏறுகிறவர் போய்ச் சேர்ந்தவராகத்தான் இருப்பார். செங்கத்துச் சுவரில் இருந்தவர்களும் போய்ச் சேர்ந்தவர்களே. பொறாமையில் சகாதேவனுக்கு அது தோன்றவில்லை. காது விஷயம் வேறு. எல்லாவற்றையும் திருத்தியவர் காதைக் கவனிக்கவே இல்லை. கண்ணாடியில் யார் தன் காதைப் பார்க்கிறார்கள்? அந்தப் படத்தில் சகாதேவன் என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அது நான்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் கூடமே சிரிக்கும். சிரிப்போடு சிரிப்பாகச் சம்பந்தமும் போகும். கதவுக்குப் பின்னால் மகள் நிற்கிறாள். சகாதேவனின் நிஜ அப்பா நிலக்கடலை மூட்டை சுமந்தவர். அவர் தலையில் இருந்த ஒரே தலைப்பாகை சும்மாடு. ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். அந்த மனுஷரை நினைத்ததும் சகாதேவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் இருந்தது.

"ஆமாங்க," என்றார். "அப்பாதான்."

"பெரியவங்க பாத்துக்கினு இருக்கிற வீடு. அப்புறம் பேச இன்னா இருக்குது? தட்ட மாத்திக்கலாம்," என்றார் இராமலிங்கம். பெண்ணுக்குக் கொண்டுவந்திருந்த பூவில் ஒரு முழம் கிள்ளித் தன் கையாலேயே படத்துக்குச் சாத்தினார். ரேணுகாம்பாள் குங்குமச் சிமிழோடு வந்து, புருஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே அவர் படத்தின் நெற்றியில் பொட்டு வைத்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாமனாரை நினைத்து அழுகிறாள் என்று செங்கத்துக்காரர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

கல்யாணம் ஜோராக நடந்தது. ஆனால் சம்பந்தி வீட்டார் வந்து தங்குகிற அமாவாசையென்றால் சகாதேவன் காலையிலிருந்து பட்டினி. தன் படத்துக்கு முன்னால் தானே இலை போட்டு, வடை பாயசம் படைத்து, கற்பூரம் காட்டி, காக்கைக்குச் சோறு வைத்து, காக்கை வந்து கொத்திய பிறகுதான் வாயில் பருக்கை. உயிரோடு இருக்கும்போதே தன் படையலைத் தானே சாப்பிடும் பாக்கியம் வேறு யாருக்குக் கிடைக்கும்? ஒரு தை அமாவாசைக்குக் கண்மூடிக் கைகூப்பி நின்றவர், பாதியில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மனைவியின் பக்கம் சாய்ந்தார்.

"அந்த மூக்க மட்டும் இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம்."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ கைக்கு வந்ததும், மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு முதலில் யாரைத் தேடினீர்கள்? தேடிப் பிடித்து, "இது நான் மாதிரியே இல்லையே" என்று போட்டோக்காரரைத் திட்டினீர்களே, அப்போது பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, கவனித்தீர்களா? அவர்களுக்கு அது அப்படியே உங்களை மாதிரித்தான் இருந்தது.