வறுவல் வளைந்ததற்கு மாமன் பொறுப்பல்ல

என் அக்காள் பெற்ற செல்வத்துக்கு மாமன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அத்தையும் சுகம். அத்தைக்கு என்மேல் கோபம், அதுவும் சுகமாகவே இருக்கிறது. அங்கு உன் கடை, அடுப்பு, எண்ணெய்ச் சட்டி யாவும் நலந்தானே?

நிற்க. நான் அனுப்பிய மரவள்ளிக் கிழங்கில் போட்ட வறுவல் நனைந்த துணி மாதிரி வளைகிறது, ஓரமெல்லாம் கருகுகிறது, ஆஸ்பத்திரி கேண்டீன்காரர் ஒன்றைக் கடித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை இன்னொரு தடவ கொண்டு வாங்க, அதுவும் இப்படியே இருந்தா வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார், அந்த ஆர்டர் போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று நீ எழுதியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் தோட்டத்துக்குப் போகிறேன், போனால் எதற்கு வந்தேன் என்று திரும்பி வருகிறேன்.

ஆனால் கிழங்கைக் குறை சொல்லாதே. உரக்கடைக்காரர், செடிக்கு ஒரு பிடி யூரியா போதும், கூடவே பொட்டாஷும் போட்டால்தான் கிழங்கில் மாவு பிடிக்கும் என்றார். நிழலில் உட்கார்ந்து வியாபாரம் பண்ணுகிறவருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? பொட்டாஷை விட்டேன், யூரியாவை மூன்று பிடியாக்கினேன், செடி இன்னும் கேட்கிற மாதிரி பட்டதால் நாலாவது பிடியும் போட்டேன். செடி மாடி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தது. விமானத்தில் போனவர்கள் இறங்கி விசாரித்ததாகக்கூடப் பேச்சு. பக்கத்து வீட்டுத் தையற்காரர் ஒரு கிழங்கை டேப் வைத்து அளந்துவிட்டு, தன் வாடிக்கையாளர் யாருக்கும் இந்தச் சுற்றளவு இல்லை என்றார். உன் அத்தை ஒரு காலைப்பொழுது முழுக்க வேகவைத்தும் அது இளகவில்லை, அவ்வளவு உறுதி. மாவாக்கிக் கஞ்சி காய்ச்சினால் கஞ்சி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். ஒரே பாத்திரத்தில் இரண்டு பதார்த்தம் யாருக்குக் கிடைக்கும்? கொஞ்சம் கசந்தது, அது சத்தின் கசப்பு. இரண்டு துண்டு தின்றதும் தலை சுற்றியது, அது வெயில். அத்தை மட்டும், "வீட்டுக்குள்ள ஏதுங்க வெயிலு? யூரியாவக் கொட்டிக் கொட்டி இலைய வளத்தீங்க, அந்தப் பொண்ணு இலையவா வறுத்து விக்கப் போறா?" என்கிறாள். பத்தாவது பாஸ் என்ற திமிர். நான் எட்டாவதில் பாதி வரை போனவன். பாதியிலேயே எல்லாம் புரிந்துவிட்டதால் வந்துவிட்டேன்.

ஆகவே குற்றம் உன் எண்ணெயில், இல்லை சட்டியில், இல்லை கேண்டீன்காரர் பல்லில். வேறு யார் கிழங்கையும் வாங்கிவிடாதே. உன் கடை வறுவல் என் கிழங்குதான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?

குழந்தைகளுக்கு என் முத்தம், உன் வீட்டுக்காரருக்கு என் மரியாதை. கைநிறைய வேலையும் வாய்நிறையச் சிரிப்புமாக இருப்பாயாக.

உன் கவலையில் தூக்கம் கெட்ட
மாமன்

பி.கு.: லாரி டிரைவரிடம் ஒரு மூட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். கிணற்றோரத்தில் ஒரு வரிசைக்கு உன் அத்தை, எனக்குத் தெரியாமல், உரக்கடைக்காரர் சொன்ன அளவிலேயே இரண்டு உரமும் போட்டிருக்கிறாள். மூட்டையில் இருப்பது அந்த வரிசைக் கிழங்குதான். குட்டைச் செடி, வெளியே சொல்ல வெட்கம். நேற்று அதில் வறுவல் போட்டாள். அவள் கடித்த சத்தம் எனக்கு அடுத்த அறையில் கேட்டது. வெள்ளிக்கிழமைக்கு இதையே போடு. முன்னே அனுப்பியதை யாருக்கும் கொடுக்காதே, நீயும் தின்னாதே, குழி தோண்டி மூடிவிடு. யார் கிழங்கு என்று கேட்டால் மாமன் கிழங்கு என்று சொல். அத்தைக்கு ஆட்சேபணை இல்லை. நான் இன்னும் கேட்கவில்லை.