செத்த விதிகளும் ஒரு படகும்

"உங்க குடியிருப்பு விதிகள் செத்துப் போச்சு சார்," என்றார் வக்கீல். "முப்பது வருஷத்துக்குள்ள புதுப்பிச்சிருக்கணும். யாரும் புதுப்பிக்கலை. இப்போ வீட்டு முன்னால யானையைக் கட்டினாலும் கேக்க முடியாது."

யானை என்றால் வெண்டெல் கிராப் பொறுத்துக்கொண்டிருப்பார். யானை கொஞ்சம் நகரும். பக்கத்து வீட்டு ஒஸ்வால்டோவின் புல்தரையில் நிற்பதோ படகு. ஃபுளோரிடா மொத்தமும் முழுகினால் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு போய்விடலாம், அத்தனை பெரிசு.

வெண்டெலுடையது தெருக்கோடி வீடு. ஓய்வுபெற்ற நாள்முதல் முன்னறை ஜன்னல்தான் அவருக்கு ஆபீஸ். யார் புல் வெட்டவில்லை, யார் குப்பைத்தொட்டியை உள்ளே எடுக்கவில்லை என்று பார்த்து, அந்த நிமிஷமே போன் போட்டுக் கண்டிப்பார். படகு வந்ததிலிருந்து ஜன்னலில் அதன் வயிறு மட்டும்தான் தெரிகிறது. மனிதருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

"வழியே இல்லையா?"

"பாதி வீட்டுக்கு மேல கையெழுத்து வாங்குங்க. செத்த விதிகளை எழுப்பி உக்கார வெச்சிடலாம்."

மனைவி லோரீன் தொப்பியை எடுத்துக் கொடுத்து வழியனுப்பினாள். "அவசரமே இல்லை. ஒவ்வொரு வீட்லயும் உக்காந்து பேசிட்டு நிதானமா வாங்க."

முதல் வீடு ஓப்பல் அம்மாளுடையது. எண்பது வயது. வீடு கொள்ளாத கோழி.

"கையெழுத்துக்கு என்ன தம்பி, போட்டுடலாம். ஆனா பழைய விதிப்படி கோழி கூடாதே. என் பொண்ணுங்களை எங்கே அனுப்புவேன்?"

"நான் பாத்துக்கறேன்," என்றது வெண்டெலின் வாய், அவரைக் கேட்காமலே.

சாயங்காலத்துக்குள் கோழிப்பட்டாளம் அவர் தோட்டத்தில் குடியேறியது. சேவல் கூவிய கூவலில் பின்தெரு ராய்ஸ் படுக்கையிலிருந்து உருண்டு விழுந்து, நேரே சண்டைக்கு வந்தார்.

"கையெழுத்து கேக்கற மூஞ்சியைப் பாரு. என் தூக்கத்துக்கு யார் பதில் சொல்றது?"

"என்ன செஞ்சா போடுவீங்க?"

ராய்ஸ் யோசித்தார். அவர் வாசலில் பஸ் அளவுக்கு ஒரு சுற்றுலா வண்டி நின்றது. அதுவும் பழைய விதிக்கு ஆகாது. "வண்டி உங்க வீட்டுக்கு வந்துட்டா போடறேன்."

வண்டி வந்தது. கதவு திறந்து ஒரு கிழவி எட்டிப் பார்த்தாள்.

"இவங்க யாரு?"

"என் மாமியார். வண்டியிலதான் இருப்பாங்க. விதியில மாமியாரைப் பத்தி ஒண்ணும் இல்லையே, தேடிப் பாத்துட்டேன்."

மாமியாருக்குக் காது மந்தம். அவள் வைத்த ரேடியோ அடுத்த மாவட்டத்தில் கேட்டது. அதைவிடச் சத்தமாகக் கூவ வேண்டியது தன் பொறுப்பென்று சேவல் எடுத்துக்கொண்டது. சத்தம் தாங்காமல் ஓடி வந்தவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். போகும்போது ஒருவர் தேன்கூட்டுப் பெட்டியையும், இன்னொருவர் சக்கரமில்லாத காரையும் விட்டுப் போனார்கள்.

வக்கீல் போன் செய்தார். "விதி உயிரோட எழுந்ததும் முதல் நோட்டீஸ் யாருக்குத் தெரியுமா?"

"ஒஸ்வால்டோவுக்கு."

"உங்களுக்கு. கோழி, வண்டி, தேனீ, கார். அபராதம் கட்டி மாளாது சார். இப்பவே விட்டுடுங்க."

"என்ன ஆனாலும் சரி. படகு போகணும்."

ஒரே ஒரு கையெழுத்து குறைந்தது. மீதி வீடுகள் முகத்திலடித்தாற்போல் முடியாது என்றுவிட்டன. கேட்காமல் பாக்கியிருந்தது ஒஸ்வால்டோ மட்டும்.

தேனீ கொட்டி வீங்கிய கன்னத்தில் மருந்தோடு வெண்டெல் போய் நின்றார். ஒஸ்வால்டோ பேனாவை வாங்கிச் சட்டென்று கையெழுத்துப் போட்டார்.

"படிக்காமலே போடறீங்களே. நாளைக்கு நீங்க படகை எடுத்தாகணும்."

"எடுத்தா நல்லது சார். புல்லெல்லாம் செத்துப் போச்சு. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது."

"அப்புறம் எந்தக் கேட்டுக்கு வாங்கினீங்க?"

"நான் எங்கே வாங்கினேன்? உங்க ஜன்னலை மறைக்கணும்னு ஊரெல்லாம் தேடி, இதைவிடப் பெரிசு கிடைக்கலையேன்னு வருத்தப்பட்டு, உங்க வீட்டம்மாதான் வாங்கி நிறுத்தினாங்க."