பாட்டே போடாத இருங்கக்கா

உலகத்திலேயே பாட்டுப் போடாமல் மூன்று வருடம் பாட்டு நிகழ்ச்சி நடத்திய ஒரே ஆள் எங்கள் இருங்கக்காதான். நன்னிலம் வட்டாரத்தில் இதை மறுக்க ஆள் கிடையாது. அப்படியே ஒருவர் மறுப்பதற்காக போன் போட்டிருந்தாலும், "இருங்க, இருங்க, நீங்க யாரு வீட்டுப் புள்ள?" என்று அக்கா ஆரம்பித்திருப்பார். பத்து நிமிடத்தில் அந்த ஆளுக்கு எதற்குக் கூப்பிட்டோம் என்பதே மறந்து போயிருக்கும்.

பத்திரிகையில் எழுத வருவதற்கு முன்னால் நான் ஒரு கல்லூரி நடத்திய சமுதாய வானொலியில் நிகழ்ச்சிப் பொறுப்பாளராக இருந்தேன். பெரிய பொறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு அறை, நடுவில் ஒரு கண்ணாடி, எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை, ஒரு ஏ.சி., நான். எங்கள் ஒலிபரப்பு பதினைந்து கிலோமீட்டர் போகும். காற்று வாகாக அடித்தால் திருவாரூர் வரைக்கும் கேட்கும் என்று கல்லூரித் தாளாளர் மனதார நம்பினார்.

மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை நேயர் விருப்பம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் கரையேறிச் சாப்பிடும் நேரம். சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் வரப்பிலேயே போனை வைத்து ரேடியோ கேட்பார்கள். அந்த ஒரு மணி நேரம் அக்காவுடையது.

அக்கா எங்களிடம் வந்ததற்குக் காரணம் ஒரு மாதா கோயில் பங்குச் சாமியார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் அறிவிப்பு வாசிப்பது அக்காவின் வேலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று வாசித்துவிட்டு இறங்க வேண்டியதுதான். அக்கா இறங்கமாட்டார். மாப்பிள்ளை சின்ன வயதில் கிணற்றில் விழுந்தது, பெண்ணின் அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் என்று எல்லாவற்றையும் சொல்வார். பூசையை விட அறிவிப்பு நீளமாகிக்கொண்டே போனது. கடைசியில் சாமியாரே ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதி எங்களிடம் அனுப்பினார். "பேச்சுத் திறன் மிக்கவர். தங்கள் வானொலி இவரை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளும் என்று ஜெபிக்கிறேன்" என்று இருந்தது. அதைப் பாராட்டு என்று நினைத்து வேலைக்கு எடுத்தேன்.

முதல் நாள் ஒரு பெண் கூப்பிட்டு ஒரு சோகப் பாட்டு கேட்டார்.

"ஏன்மா சோகப் பாட்டு? வீட்ல என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்."

"இருங்க, இருங்க. குரலே சரியில்லையே. சாப்டீங்களா?"

"வெண்டைக்கா வதக்கினேன்க்கா. கொழகொழன்னு போயிருச்சு. அவரு தட்டைத் தள்ளிட்டுப் போயிட்டாரு."

அன்றைக்கு அந்த ஒரு மணி நேரமும் வெண்டைக்காய்க்கே போனது. மோர் விடச் சொல்லி ஒருத்தர், புளி கரைத்து ஊற்றச் சொல்லி ஒருத்தர், தட்டைத் தள்ளிய புருஷனுக்கு ஒரு வாரம் வெறும் ரசம் ஊற்றச் சொல்லி ஒருத்தர். ஒன்றடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கையைக் கையை ஆட்டினேன். சோகப் பாட்டு போட்டார். பல்லவிக்குள் மணி ஒன்றாகிவிட்டது.

ஒரு நாள் அக்காவின் புருஷனே லைனில் வந்தார். அவர் மஸ்கட்டில் டிரைவர். அக்காவின் போன் அணைத்துக் கிடந்ததால் நிலையத்துக்கு அடித்திருக்கிறார்.

"வணக்கம், எங்கேருந்து பேசுறீங்க?"

"மஸ்கட்டுலேருந்து."

"அடேயப்பா! அவ்வளவு தூரம் கேக்குதா நம்ம ரேடியோ?"

"ஏய், நான்தான்டி பேசுறேன்!"

அக்கா ஒரு நொடிதான் திகைத்தார். "இருங்க, இருங்க. என்ன பாட்டு வேணும் உங்களுக்கு?"

கேஸ் சிலிண்டர் பதிந்தாயிற்றா, மகள் ஃபீஸ் கட்டியாயிற்றா என்று கேட்கத்தான் அவர் கூப்பிட்டது. இரண்டையும் ஊர் அறியப் பேசி முடித்தார்கள். கடைசியில் அவர் தயங்கித் தயங்கி ஒரு பழைய காதல் பாட்டின் பெயரைச் சொன்னார். அதுவரை அக்கா முழுசாகப் போட்ட பாட்டு அது ஒன்றுதான். அது ஓடி முடியும்வரை கண்ணாடிப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

இத்தனை பேரில் ஒருத்தர் மட்டும் தனி ரகம். நாங்கள் அவருக்குப் புகார் ஐயா என்று பெயர் வைத்திருந்தோம். பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பெண் பெங்களூரில். தினமும் பன்னிரண்டு பத்துக்கு டாணென்று கூப்பிடுவார்.

"ஏம்மா, இது பாட்டு நிகழ்ச்சியா, பட்டிமன்றமா? ஒரு பாட்டாவது போட்டியா நீ?"

"போடுறேங்கய்யா. எந்தப் பாட்டு வேணும்?"

"எதையாச்சும் போடு!"

"எதையாச்சும்னா எப்படிங்கய்யா? இருங்க, உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது?"

"எனக்கு ஒண்ணும் பிடிக்காது!"

பாட்டே போடுவதில்லை என்ற இந்தப் புகாரிலேயே தினமும் மூன்று பாட்டுக்கான நேரம் போய்விடும். நடுவில் மூட்டுவலிக்கு என்ன தைலம் தேய்க்கிறார், கொல்லையில் மா பிஞ்சு விட்டதா என்பதெல்லாம் வரும். திட்டிக்கொண்டேதான் சொல்வார்.

தாளாளர் பொறுத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு மணி நேரத்துக்கு எட்டுப் பாட்டாவது வரணும். வர ஒண்ணாந் தேதியிலேருந்து வரலைன்னா, அந்தம்மாவை நிறுத்திட்டு கம்ப்யூட்டர்லயே பாட்டு ஓட விட்ருங்க. அதுக்கு வாயில்லை பாருங்க."

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மைக்குக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. ஒரு அழைப்பு இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் எரியும். முதல் அழைப்பிலேயே எரிந்தது. "இருங்கம்மா, இங்கே என்னமோ லைட்டு கண்ணைக் குத்துது" என்று நேயரிடம் சொல்லிவிட்டு, அக்கா கைக்குட்டையை எடுத்து பல்பின் மேல் போட்டார்.

அப்புறம்தான் தாளாளர் சொன்னதை உள்ளபடி சொன்னேன். அக்கா பல்பின் மேல் கிடந்த கைக்குட்டையை எடுத்து மடித்து வைத்தார். "இதை நீங்க மொதல்லயே சொல்லிருக்கலாமே தம்பி. உங்களுக்கு அவருகிட்ட கெட்ட பேரு வராம பாத்துக்கறேன்" என்றார். அவர் வேலை போகப்போகிறது. கவலை என் பேரைப் பற்றி.

ஒன்றாம் தேதி வந்தது. அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "வணக்கம். பாட்டைச் சொல்லுங்க. நன்றி." அவ்வளவுதான். பாட்டு, அடுத்த பாட்டு, அதற்கடுத்தது. கூப்பிட்டவர்கள் மிரண்டுபோனார்கள். "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று ஒரு பெண் அழுகிற குரலில் கேட்டார். பன்னிரண்டரைக்குள் நான்கு பாட்டு ஆகிவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அக்கா அதைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஐயா கூப்பிடல."

"நல்லதா போச்சுக்கா. அஞ்சாவது பாட்டைப் போடுங்க."

"இல்ல தம்பி. இன்னிக்கி நான் பாட்டா போடுறேன். இதைக் கேட்டுட்டு அவரு சும்மா இருப்பாரா?"

பாட்டு ஓடும்போதே அவர் நம்பருக்கு அடித்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தோம். அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடுகிற பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. தெனம் என்னைத் திட்டுற ஐயா இன்னிக்கி கூப்பிடல. போனும் எடுக்கல. அவரு வீட்டுப் பக்கம் யாராச்சும் இருந்தா கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடிப் போய்ப் பாருங்க. நான் காத்திருக்கேன்."

தெருப் பெயரையும் சொன்னார். அதன் பிறகு பேசவில்லை. வானொலியில் மௌனம் என்பது பெரிய குற்றம். நான் ஒரு பாட்டைப் போடப் போனேன். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். மைக்குக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, எங்களிடம் வந்த பிறகு முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எட்டு நிமிடம் கழித்து போன் வந்தது. மூச்சிரைக்க ஒரு பெண்.

"அக்கா, நாங்க நடவாளுங்க. சேத்துக் காலோட அப்புடியே ஓடியாந்தோம். ஐயா கொல்லையில வழுக்கி விழுந்து கெடக்காருக்கா. காலையிலேருந்து கெடக்காராம். போனு வீட்டுக்குள்ள, ரேடியோ மட்டும் கொல்லை வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. இடுப்பு ஒடஞ்சாப்ல இருக்கு. உசுரு இருக்குக்கா, பேசுறாரு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு."

அக்கா பதில் சொல்வதற்குள் பின்னால் ஈனமாக ஒரு குரல். போனைத் தன் வாயருகே வைக்கச் சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா... இன்னிக்குத்தான் பாட்டே போட்ட. அதையும் பாதியில நிறுத்திட்டியே!"

அக்கா சிரித்தார். சிரிப்பு அழுகையானது. அதையும் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒலிபரப்பினோம்.

சாயங்காலம் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். கணக்குப்படி நாலரைப் பாட்டு. வேலை போனதென்றே நினைத்து நின்றோம். அவர் அக்காவைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "எங்க அம்மாவும் மத்தியானம் கேக்கறவங்கதான். இன்னிக்கி அவங்க சாப்பாட்டைத் தொடல. அந்தப் பெரியவருக்கு எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். எட்டுப் பாட்டைப் பற்றி அவர் மறுபடி வாய் திறக்கவில்லை.

ஐயாவுக்குத் திருவாரூரில் ஆபரேஷன் ஆனது. பெண் பெங்களூரிலிருந்து வந்து கூட இருந்தாள். ஒன்றரை மாதம் கழித்து, பன்னிரண்டு பத்துக்கு ஆஸ்பத்திரியில் பிடித்து நடக்க வைத்ததைப் பற்றிய புகாரோடு திரும்பி வந்தார்.

மறு வருடம் மஸ்கட்காரர் ஊரோடு வந்துவிட, மகள் படிப்புக்காக அக்கா குடும்பம் திருச்சிக்குப் போனது. நானும் பத்திரிகைக்கு வந்துவிட்டேன்.

இதை எழுதப் போகிறேன் என்று சொல்ல நேற்று சாயங்காலம் அக்காவுக்கு போன் போட்டேன். எழுதலாமா என்று கேட்பதற்குள், நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் தண்ணீர் உப்பா, என் பையன் இன்னும் சளியோடுதான் தூங்குகிறானா, என் குரல் ஏன் கம்மியிருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். இந்தக் கட்டுரை ஆறு மணிக்குள் ஆசிரியர் கைக்குப் போயிருக்க வேண்டும். ஏழு வரை நான் போனை வைக்கவில்லை.